ஈட்டுக்கும் ஈட்டுக்கும் நடுவே

பாக்கிங் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் யாரோ சாக்பீஸால் கோடு போட்டிருப்பதைத் தங்கச்சாமி முதலில் கவனித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஏதோ விளையாட்டு என்று விட்டுவிட்டார். புதன்கிழமை கோடுகள் கூடியிருந்தன. நடுநடுவே வட்டங்களும் இருந்தன. வியாழக்கிழமை மத்தியானம், மிட்டாய் வெட்டுகிற பலகை காலியாகட்டும் என்று துடுப்பை ஊன்றிக்கொண்டு நின்றபோது, பாக்கிங் வேலை செய்கிற அமுதவள்ளி தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதையும், அடுப்பைப் பார்ப்பதையும், பிறகு எட்டிச் சுவரில் ஒரு வட்டம் போடுவதையும் கண்ணால் கண்டுவிட்டார்.

"அமுதா, என்னத்தக் கோடு போடுத?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா."

சும்மா ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கோடு போடுவாளா? கேட்க வாயெடுப்பதற்குள் பலகை காலியாகிவிட்டது. பாகுச் சட்டியின் பக்கம் திரும்பிவிட்டார்.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில், ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற இடத்தில் இருக்கிறது இராமச்சந்திரனின் கடலைமிட்டாய்க் கம்பெனி. தகரக் கூரை போட்ட நீளமான ஷெட். ஒரு கடைசியில் கடலை வறுக்கிற டிரம்மும் பாகு காய்ச்சுகிற இரும்புச் சட்டியும். நடுவில், கலந்த மிட்டாயைக் கொட்டித் தேய்த்து வெட்டுகிற பலகைகள். மறு கடைசியில் பாக்கிங் மேசை, அதைச் சுற்றி ஏழு பெண்கள். பதினாறு வருடமாகத் தங்கச்சாமிதான் அங்கே பாகு மாஸ்டர். ஒரு சட்டிப் பாகும் அதற்கு அளவான கடலையும் சேர்ந்து பலகைக்குப் போனால் ஒரு ஈடு. நாளொன்றுக்கு இருபது ஈடு. ஒவ்வொரு ஈட்டுக்கும் துடுப்பிலிருந்து ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டு, விரலால் உருட்டி, கிண்ணத்தின் விளிம்பில் தட்டிப் பார்ப்பார். கண்ணாடிக் குண்டு விழுந்த மாதிரி சத்தம் வந்தால் பதம். பதினாறு வருடத்தில் ஒரு ஈடுகூட அவர் கையில் கருகியதில்லை. அந்தப் பெருமை அவருக்கு உண்டு. வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

கோடுகளைப் பார்த்து அவர் கலங்கியதற்குக் காரணம் இருந்தது. பங்குனியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்திருந்தான். நீராவியில் பாகு காய்ச்சுகிற மெஷினின் படத்தைக் காட்டி, சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும், பதம் வந்தால் அதுவே மணியடிக்கும், மாஸ்டரே வேண்டாம், கேஸும் பாதி மிச்சம் என்றான். இராமச்சந்திரன் அந்தப் படத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பா காலத்திலிருந்து மிட்டாய் வியாபாரம். வேலைக்காரர்களை 'நீரு, வாரும்' என்றுதான் பேசுவார். ஆனால் கேஸ் அவரை வாட்டியது.

"வாரத்துக்குப் பன்னெண்டு சிலிண்டர் காலியாகுது வே," என்று தங்கச்சாமியிடம் ஒருநாள் சொன்னார். "சரக்கு அதே சரக்குதான். கேஸ் எங்கன போகுதுன்னே தெரியல. இப்படியே போனா நான் ஷெட்டப் பூட்டணும், இல்லன்னா அந்த மெஷின வாங்கணும். வேற வழியில்ல."

நாலு மாதத்துக்கு முன்னால்தான் அமுதவள்ளி வந்து சேர்ந்தாள். புதூர்ப் பக்கத்துக்காரி. ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஒன்பது வருடம் இருந்தவள். மில் மூடியதும் இங்கே பாக்கிங் வேலைக்கு வந்தாள். அதிகம் பேசமாட்டாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள். முதலாளி தன்னை வேவு பார்க்கத்தான் அவளை உட்கார்த்தி வைத்திருக்கிறார் என்று தங்கச்சாமி முடிவுகட்டிக்கொண்டார். எத்தனை தடவை தண்ணீர் குடிக்கப் போகிறேன், எத்தனை தடவை வெளிவாசலில் போய்க் காற்று வாங்குகிறேன் என்றெல்லாம் கோடு ஏறுகிறது என்று நினைத்தார்.

உண்மையில் அவர் அடிக்கடி வெளியே போகத்தான் செய்தார். அதற்கான காரணம் அவருடைய மனைவி வெயிலுகந்தம்மாளுக்கு மட்டும் தெரியும். தை மாதத்திலிருந்தே நீர்க்கடுப்பு. உடம்பெல்லாம் வேர்க்குரு. வீட்டுக்கு வந்தாலும் உள்ளங்கால் அனல் அடங்காது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, சீட்டில் கிரியேட்டினின் 1.6 என்று இருந்ததைச் சுழித்துக் காட்டினார். "கிட்னி களைச்சுப் போயிருக்கு. வருசக்கணக்கா வேர்த்து வேர்த்து உடம்புல தண்ணி நிக்கல. அடுப்பு வேலையை விட முடியுமா?" என்று கேட்டார்.

விட்டுவிட்டு எங்கே போவது? பசுவந்தனைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் மானாவாரி. உளுந்து போட்டால் பூக்கிற நேரத்தில் மழை இல்லை, மக்காச்சோளம் போட்டால் அறுக்கிற நேரத்தில் மழை. பிளஸ்டூ முடித்த மகளைக் கல்லூரியில் சேர்த்திருந்தார். "முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாருங்களேன்" என்பாள் வெயிலுகந்தம்மாள். "சொன்னா, நல்லதாப் போச்சுன்னு மெஷின வாங்கிருவாவ" என்பார் அவர். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்த அந்த வெள்ளிக்கிழமை, காலையிலிருந்தே தகரம் தகித்தது. கடலை இரண்டு ஈடு போனதும் ஆபீஸ் அறையிலிருந்து இராமச்சந்திரன், "எள்ளு ஒரு ஈடு போடும் வே! சாத்தூர்க்காரன் நிக்கான்!" என்று குரல் கொடுத்தார். சட்டியை ஆற்றி, கழுவி, மறுபடி காயவைத்து எள்ளு போட்டார். அது முடிந்ததும் பொரிகடலை. அப்புறம் மறுபடி கடலை. அதற்குள் வறுத்த கடலை தீர்ந்துவிட்டது. ஆறிக்கிடந்த டிரம்மை மறுபடி பற்றவைத்தார்கள். அது சூடேறி, வறுத்து, தோல் நீக்கி வருகிறவரை, வெறும் சட்டிக்கு அடியில் நீலத் தீ எரிந்துகொண்டே இருந்தது. தங்கச்சாமி அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார்.

மூன்று மணி இருக்கும். பாகு பொங்கிக்கொண்டிருந்தது. துடுப்பைத் தூக்கினார். கை தூக்கியது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. முன்னால் இருந்த சட்டி மெதுவாகத் தன்னை நோக்கி எழுந்து வருவது போல இருந்தது.

அவருடைய சட்டைக் காலரைப் பின்னாலிருந்து ஒரு கை பற்றி இழுத்தது. அவர் தரையில் பின்பக்கமாக விழுந்தார். விழுந்த பிறகுதான், அடுப்புத் திருகை யாரோ சட்டென்று மூடுகிற சத்தம் காதில் கேட்டது.

கண் திறந்தபோது, கம்பெனிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி நிழலில் கிடந்தார். ஈடு வரவில்லையே என்று அடுப்புப் பக்கம் வந்திருந்த அமுதவள்ளிதான் அவரை இழுத்தவள். அவள் ஈரத்துணியால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, உப்பும் சீனியும் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். இராமச்சந்திரன் முகம் வெளிறிப்போய்ப் பக்கத்தில் நின்றார். ஆட்டோவைக் கூப்பிடப் போன் பேசிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார்.

தங்கச்சாமிக்குப் பேச்சு வந்ததும் முதலில் கேட்டது இதைத்தான்: "நான் வெளிய போனது எல்லாம் சுவத்துல இருக்கா?"

அமுதவள்ளிக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயோ அண்ணாச்சி, அது ஒங்க கணக்கு இல்ல. அடுப்புக் கணக்கு. சட்டியில சரக்கு வேகுத நிமிசத்துக்கு ஒரு கோடு. சரக்கே இல்லாம வெறுமன எரியுத நிமிசத்துக்கு ஒரு வட்டம். நேத்து ஒரு நாளுக்கு மட்டும் எண்ணிப் பாத்தேன். வட்டம் மட்டும் நூத்தித் தொண்ணூறு."

"நூத்தித் தொண்ணூறு நிமிசமா?"

"மூணு மணி நேரத்துக்கு மேல. ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் நடுவுல எரியுது. அந்தச் சூடு பாகுக்கும் போகல, கடலைக்கும் போகல. எங்க போச்சு? முன்னால நிக்குத ஒங்க மேலதான் போச்சு."

 பதினாறு வருடத்தையும் தங்கச்சாமி அந்த நிமிடம் இந்தக் கணக்கோடு யோசித்துப் பார்த்தார். பாகு காய்ச்சினால் சூடு இருக்கத்தான் செய்யும் என்று ஏற்றுக்கொண்டிருந்தார். அதில் மூன்றில் ஒரு பங்கு யாருக்கும் பயனில்லாமல் தன்னைச் சுட்டிருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. தானும் நினைத்ததில்லை.

"முதலாளி போடச் சொன்னாரா?"

"அவியளுக்குத் தெரியவே தெரியாது." கொஞ்சம் தயங்கிவிட்டு அவளே சொன்னாள்: "ஒங்களுக்காகப் போட்டேன்னும் பொய் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. எனக்கு அஞ்சு பத்துக்குப் புதூர் பஸ். அத விட்டா ஏழே காலுக்குத்தான். கடைசி ஈடு ஆறு மணிக்கு வருது. நாங்க ஏழு பேரும் பாதிநேரம் மேசையில கையக் கட்டிக்கிட்டு ஈடு வரட்டும்னு உக்காந்திருக்கோம். ஏன் நேரமாகுதுன்னு பாக்கத்தான் கோடு போட ஆரம்பிச்சேன். மில்லுல நூலுக்கு ஆவி காட்டுத அறையில நான் இருந்தேன். வண்டி நெறையாம கதவச் சாத்தவே விடமாட்டாவ. ஒரே ரகம், ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரும். அறை ஆறுததுக்குள்ள அடுத்த வண்டி உள்ள போயிரும். அதப் பாத்த கண்ணுக்கு இங்கன நடக்குதது பொறுக்கல."

ஆட்டோ வந்து நின்றது. தங்கச்சாமி எழுந்து நடந்துபோய் ஏறிக்கொண்டார். அவருக்கு அவள் மேல் இருந்த கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. தன்னைக் காலரைப் பிடித்து இழுத்தபோதா, பஸ்ஸுக்காகத்தான் போட்டேன் என்று மறைக்காமல் சொன்னபோதா?

மறுநாள் விடுப்பு எடுக்கச் சொன்ன முதலாளியின் பேச்சைக் கேட்காமல் தங்கச்சாமி கம்பெனிக்கு வந்தார். அமுதவள்ளியை அழைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போனார். உடம்பு நிலையை முதலில் சொல்லிவிட்டார். டாக்டரம்மாவின் சீட்டையும் மேசைமேல் வைத்தார். மறைத்து வைப்பதில் இனி அர்த்தமில்லை என்று தோன்றிவிட்டது. பிறகு சுவர்க் கணக்கைச் சொன்னார்.

இராமச்சந்திரன் எழுந்துபோய்ச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். வட்டங்களை விரல் வைத்து எண்ணினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"சரி வே, எள்ளும் கடலையும் மாத்தி மாத்திப் போடக்கூடாதுன்னு சொல்லுதீரு. கடைக்காரன் வந்து நிக்கும்போது இல்லன்னு எப்படிச் சொல்ல?"

"இல்லன்னு சொல்ல வேண்டாம் முதலாளி. நேரம் சொல்லுங்க. காலையில ஆறு மணியிலிருந்து டிரம்ம மட்டும் எரிப்போம். அன்னைக்கு வேண்டிய கடலை மொத்தத்தையும் ஒரே மூச்சுல வறுத்துருவோம். டிரம்மு ஒருதரம் காஞ்சா, ரெண்டாவது ஈட்டுக்குப் பாதித் தீ போதும். அப்புறம் அத அணைச்சுருவோம். அதுக்கப்புறம் பாகு. மொத பொரிகடலை, அடுத்தாப்புல கடலை, கடைசியா எள்ளு. எள்ளுதான் சட்டியெல்லாம் ஒட்டும். அதக் கடைசியில வச்சா நாளுக்கு ஒரே ஒரு கழுவுதான்."

அமுதவள்ளி அவரை வியப்போடு பார்த்தாள். இந்த வரிசை அவள் சொன்னதில்லை. அது சட்டியோடு பழகியவருக்குத்தான் தெரியும். வெறுமனே எரிகிற நேரத்தை அவள் கண்டுபிடித்தாள். அதை எப்படி ஒழிப்பது என்பது, கேட்டதும், அவர் கையிலேயே இருந்தது.

"வறுத்த கடலை ஆறிப்போனா பாகுல சரியாச் சேராதுன்னு நீருதான வே சொல்லுவீரு?" என்றார் இராமச்சந்திரன்.

"அடுப்புக்கு ஓரத்துல செங்கல் கட்டுதேன். தட்டுல கடலைய அது மேல வச்சா வெதுவெதுன்னு இருக்கும். வெல்லம் கரைக்குத அண்டாவ டிரம்முக்கு மேல, சூடு வெளிய போகுத வாயில தூக்கி வச்சுருவோம். தனியா அடுப்பு வேண்டாம்."

இராமச்சந்திரன் மேசைக் கண்ணாடியைத் தடவினார். அடியில் மெஷின் படம் இருந்தது.

"அந்த ஏஜெண்டு வாரத் திங்கக்கெழமைக்கு அடுத்த திங்கக்கெழம அட்வான்ஸ் வாங்க வாரான். அதுவரைக்கும் ஒரு வாரம் இருக்கு. செஞ்சு காட்டும். ஒமக்கு ஒடம்புக்கு முடியலன்னா அந்த நிமிசமே நிறுத்தணும், அது மொத ஏற்பாடு."

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சாமியும் வெயிலுகந்தம்மாளும் கம்பெனிக்கு வந்து அடுப்பைச் சுற்றிச் செங்கல் கட்டினார்கள். கிடைக்கிற மண்ணைக் குழைத்துப் பூசிவிடலாம் என்று அவர் மண்வெட்டியைத் தூக்கியதும் வெயிலுகந்தம்மாள் தடுத்துவிட்டாள்.

"கரிசலப் பூசாதீங்க. வெயிலுக்கே ஆளு கால் விடுத அளவு பொளந்து கெடக்கு, தீக்கு நிக்குமா? மேக்க செங்காட்டுப் பக்கமிருந்து மண்ணு கொண்டாங்க."

ஒரு சாக்குச் செம்மண் வந்தது. அவள் வைக்கோலைப் பொடியாக நறுக்கிப் போட்டு மிதித்துக் குழைத்துக் கொடுத்தாள். அவர் சட்டிக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பூசினார்.

திங்கட்கிழமை காலை வறுவல் அருமையாக நடந்தது. முதல் ஈட்டுக் கடலை வறுபட இருபத்தைந்து நிமிடம், மூன்றாவதற்குப் பதினைந்தே நிமிடம். ஒன்பது மணிக்கு டிரம்மை அணைத்துவிட்டார்கள். பொரிகடலையில் முதல் ஈடு நன்றாகப் போயிற்று. இரண்டாவது ஈட்டில்தான் அது நடந்தது. எப்போதும் போலத் திருகை முழுவதும் திறந்துவைத்துவிட்டு, தட்டை எடுக்கத் திரும்பியவர், மறுபடி பார்ப்பதற்குள் பாகு கருத்துப் புகைந்துவிட்டது. கசப்பு வாடை ஷெட் முழுவதும் பரவியது. பாக்கிங் மேசையில் பேச்சு நின்றுவிட்டது.

தங்கச்சாமி துடுப்பைச் சட்டியில் விட்டுக் கிளறிப் பார்த்தார். பதினாறு வருடத்தில் முதல் கருகல். இராமச்சந்திரன் வாடை பிடித்து ஓடிவந்தார். சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கிள்ளி வாயில் போட்டு, முகம் சுளித்துத் துப்பினார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது தங்கச்சாமிக்கு. மூலையில் கிடந்த கடப்பாரையைப் பார்த்தார். நேற்றுக் கட்டிய சுவரை ஒரே இடியில் இடித்துவிடலாம்.

அமுதவள்ளி மேசையை விட்டு எழுந்து வந்தாள்.

"ஏன் கருகுச்சு அண்ணாச்சி?"

"பாத்தேல்லா. தீ கூடிப் போச்சு."

"நீங்க தீயக் கூட்டுனீங்களா?"

"இல்ல. தெனமும் வைக்குத அளவுதான்."

"அதே கேஸு, அதே திருகு. அப்ப இத்தன நாளும் அந்தச் சூடு சட்டிக்கு வரல. இப்பத்தான் வருது. திருகக் கொறச்சுப் பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். திருகைப் பார்த்தார். சட்டியைக் கழுவி வைத்து, திருகைப் பாதிக்கும் கீழே இறக்கினார். புதுப் பாகை ஊற்றினார். மனதுக்குள் நம்பிக்கை இல்லை. இந்தத் தீயில் பால்கூடப் பொங்காது என்று நினைத்துக்கொண்டே நின்றார். பத்து நிமிடத்தில் சட்டியின் நடுவில் ஒரு குமிழ் எழுந்தது. பிறகு நாலு. பிறகு சட்டி முழுவதும் தங்க நிறத்தில் பொங்கி வந்தது. கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, விளிம்பில் தட்டினார். கணீரென்று கேட்டது.

ஒரு விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டிக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார். வழக்கமாக அந்த இடத்தில் தொடையில் அனல் ஊசியாகக் குத்தும். இன்று வேட்டி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. பாதித் தீ, அதையும் சுவர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ள அங்கே புகையும் இல்லை.

புதன்கிழமை இன்னொரு சோதனை வந்தது. காலை பத்து மணிக்குச் சாத்தூர் வியாபாரி எள்ளுமிட்டாய் வேண்டுமென்று வந்து நின்றார். இராமச்சந்திரன் வழக்கம்போல ஷெட் வாசலுக்கு வந்து, "எள்ளு..." என்று ஆரம்பித்தார். தங்கச்சாமி துடுப்போடு திரும்பிப் பார்த்தார். ஏழு பெண்களும் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். இராமச்சந்திரன் வாயை மூடிக்கொண்டார்.  பிறகு வியாபாரியின் தோளில் கைபோட்டு, "எள்ளு ரெண்டரைக்கு இறங்கும் அண்ணாச்சி. டவுன்ல ஒங்க சோலியெல்லாம் முடிச்சுட்டு வாங்க, சூடாத் தாரேன்" என்று சொல்லி அனுப்பிவைத்தார். வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே போனார். ரெண்டரைக்கு வந்தார். அன்றே இறங்கிய சரக்கு கிடைத்ததில் சந்தோஷமாகத்தான் போனார்.

அந்த வாரம் முழுவதும் நாலரைக்குள் கடைசி ஈடு மேசைக்கு வந்துவிட்டது. அமுதவள்ளி மட்டுமல்ல, ஓட்டப்பிடாரம் பக்கம் போகிற இரண்டு பேரும் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் இராமச்சந்திரன் சிலிண்டர் அறைக்குப் போனார். அமுதவள்ளியையும் தங்கச்சாமியையும் கூடவே வரச் சொன்னார். ஒவ்வொரு சிலிண்டராகக் கைவைத்துத் தட்டினார். அசைத்துப் பார்த்தார். எட்டு காலி. நாலு, சீல்கூட உடையாமல் நின்றன.

"பன்னெண்டு போட்டு இறக்குனேன்," என்றார் மெதுவாக. "நாலு அப்படியே நிக்கு. சரக்கு ஒரு கிலோ கொறையல."

அவர் கீழே குனிந்து நின்றதால் முகம் தெரியவில்லை. நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"கேஸு எங்கன போகுதுன்னு ஒம்மகிட்ட கேட்டேன்லா வே. என் வாயிலதான் போயிருக்கு. ஒரு ஈடு முடியங்காட்டி எள்ளு, அது முடியங்காட்டி பொரிகடலைன்னு நான் போட்ட சத்தத்துலதான் போயிருக்கு. அந்தத் தீ முன்னால ஒம்ம நிறுத்தி வச்சு..." மேலே சொல்லாமல் அவர் தங்கச்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிரும்."

"என்ன முதலாளி, பெரிய வார்த்தையெல்லாம்," என்றார் தங்கச்சாமி. முதலாளியின் உள்ளங்கை தன் கையைவிடக் குளிர்ச்சியாக இருந்ததை அவர் கவனித்தார்.

திங்கட்கிழமை வந்த ஏஜெண்டுக்கு இராமச்சந்திரன் இரண்டு பாக்கெட் மிட்டாயும் ஒரு டீயும் கொடுத்து அனுப்பினார். அட்வான்ஸுக்கு எடுத்து வைத்திருந்த பணத்தில், அடுப்புக்கு நேர்மேலே தகரத்தைத் திறந்து பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போட்டார். பாகு கிளறுகிற வேலைக்கு இன்னோர் ஆளையும் சேர்த்தார். தங்கச்சாமி பதம் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் சட்டி அருகே போனால் போதும். தினமும் காலையில் எந்த ஈடு எத்தனை மணிக்கு என்று முடிவு செய்கிற பொறுப்பை, சம்பளத்தைக் கூட்டி, அமுதவள்ளியிடம் கொடுத்தார். முதல் நாள் அவள் கூச்சத்தோடு தங்கச்சாமியிடம் வந்து, "அண்ணாச்சி, இது சரியா இருக்குமா?" என்று கேட்டாள். அவர் இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார். அவளும் மாற்றினாள்.

ஆனி மாதம் டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுத்தார். சீட்டில் இந்தத் தடவை 1.3 என்று குறைந்திருந்தது. "என்ன செஞ்சீங்க? வேலையை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார்.

"விடல தாயி. வேலைதான் என்ன விட்டுருக்கு கொஞ்சம்," என்றார் தங்கச்சாமி. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. தங்கச்சாமி எல்லாவற்றையும் சொன்னார். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். தண்ணீர் குடிப்பதை நிறுத்தக்கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிட வேண்டும் என்று எச்சரித்து அனுப்பினார்.

அந்த ஞாயிறு வெயிலுகந்தம்மாள் வீட்டிலிருந்த உளுந்தில் நாலு படி அளந்து பையில் கட்டினாள். "வாங்க, போயிட்டு வந்துருவோம்" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் புதூர்ப் பக்கம் போய் இறங்கினார்கள். அமுதவள்ளியின் வீட்டுக்கு வழி கேட்டபோது, ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "நம்ம வீடுதான், வாங்க" என்றார். அவள் கணவர் கண்ணபிரான்.

அமுதவள்ளி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாயை விரித்தாள், மோர் கொண்டுவந்தாள், உளுந்துப் பையைப் பார்த்ததும் "இதெல்லாம் எதுக்கு மயினி" என்று வெயிலுகந்தம்மாளைக் கடிந்துகொண்டாள். பெண்கள் இருவரும் மகள்களைப் பற்றிப் பேசினார்கள். கண்ணபிரான் மழையைப் பற்றிப் பேசினார். தங்கச்சாமி மோர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தார். இங்கே வந்ததும் ஒன்றும் வரவில்லை.

"இவியளுக்கு என்னமோ சொல்லணுமாம். அதுக்குத்தான் வந்தோம்," என்றாள் வெயிலுகந்தம்மாள்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தங்கச்சாமி செம்பைக் கீழே வைத்தார்.

"எங்கம்மா என்னப் பெத்துப் போட்டா. அதுக்கப்புறம் எனக்காக ஒரு ஆளு கணக்குப் பாத்தது நீதாம்மா," என்றார்.  இரண்டு கையையும் கூப்பினார்.

"ஐயையோ, கைய இறக்குங்க அண்ணாச்சி!" அமுதவள்ளி பதறிப்போய் எழுந்துவிட்டாள். "நான் பஸ்ஸுக்காகப் போட்ட கணக்குன்னு அன்னைக்கே சொன்னேன்லா?"

"சொன்ன. இருந்தாலும் நான் கும்பிடணும்."

அவள் மறுபடி பாயில் உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லுதேன். மில்லுல எங்க ஆவி அறையில எங்கூட வேல பாத்த வள்ளிமயில் அக்கா மயங்கி விழுந்தாவ. அறை ஏன் அவ்வளவு சூடா இருக்கு, எந்தக் கதவு சரியாச் சாத்தல, எங்க ஆவி கசியுதுன்னு எனக்குத் தெரியும். சொன்னேன். ஒரு ஆளு காதுல வாங்கல. ஒனக்கென்ன தெரியும், போயி வேலயப் பாருன்னுட்டாவ. அதுக்கப்புறம் எதையாவது பாத்தாலும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு இருந்தேன். நீங்க பதினாறு வருசம் மாஸ்டரு. நேத்து வந்தவ சொல்லி நான் கேக்கணுமான்னு நெனச்சிருக்கலாம். என்னையும் கூட்டிக்கிட்டு முதலாளி ரூமுக்குள்ள போனீங்க. கருகுன அன்னைக்கு நான் சொன்னதக் கேட்டுத் திருகக் கொறச்சீங்க. நான்தான் ஒங்களக் கும்பிடணும்."

"வள்ளிமயில் இப்ப எப்படி இருக்காவ?" என்று கேட்டாள் வெயிலுகந்தம்மாள்.

"நல்லாத்தான் இருக்காவ மயினி. மகன்கூட மதுரையில இருக்காவ. நம்ம கம்பெனிக் கதையப் போன்ல சொன்னேன். சிரிச்சாவ, அழுதாவ. ரெண்டும் ஒண்ணாச் செஞ்சாவ."

கண்ணபிரான் எழுந்து, "பேசிக்கிட்டே இருந்தா எப்படி, சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றார். அமுதவள்ளி உள்ளே போய் இலை எடுத்தாள். வெயிலுகந்தம்மாள் உரிமையோடு அடுப்படிக்குள் நுழைந்து, கொதித்துக்கொண்டிருந்த குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கு. சோத்தப் போடு," என்றாள்.

தங்கச்சாமி வாசலில் கையைக் கழுவிவிட்டு வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். மனசு லேசாக இருந்தது. நல்ல பசியும் இருந்தது.